பாதி வெட்டிய படம்

ஈஸ்டுக்கு உணவு காய்ச்சும் வாடையை நான் யாருக்கும் விவரித்துப் புரிய வைத்ததில்லை. பழைய காய்கறிச் சாறும் ஈர வைக்கோலும் ஒன்றாக வெந்தது போல இருக்கும். சென்னையில் ஆய்வுக்கூடத்தை விட்டுக் கிளம்பி, மின்சார ரயிலில் அரக்கோணம் தாண்டித் திருத்தணி வந்து இறங்கினாலும் தலைமுடியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். மலையடிவாரத்தில் பூஜைத் தட்டு விற்கும் அக்கா, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"இன்னாடி இது, குமட்டுது. நேரா குளிக்கப் போ. எதையும் தொடாத."

அந்த வாடை எனக்கு அருவருப்பாக இருந்ததில்லை. அருவருப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது.

என் முனைவர் பட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு கைனேஸ். செல்லுக்குள் மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, அவற்றை வேலை செய்யவோ நிறுத்தவோ வைக்கிற புரதம் அது. அதற்கான ஜீனை ஈஸ்டில் அடையாளம் கண்டதாக, எனக்கு முன்பு அங்கே படித்த சீனியர் ஒருவர் எங்கள் பேராசிரியரோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருந்தார். அந்த ஜீனை நீக்கிவிட்டால் ஈஸ்ட் உப்பில் வளராது என்பதுதான் கட்டுரையின் சாரம். சீனியர் வெளிநாடு போய்விட்டார். அவர் நீக்கியதாகச் சொன்ன ஈஸ்ட், உறைபெட்டியில் ஒரு குழாயில் எனக்காகக் காத்திருந்தது. அந்தக் கைனேஸ் எந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டுகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

உப்பு கலந்த தட்டில் அதைப் பரப்பினேன். வளர்ந்தது. மறுபடி பரப்பினேன். கொஞ்சம் வளர்ந்தது. இன்னொரு முறை வளரவேயில்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். உப்பை மாற்றி நிறுத்தேன், தண்ணீரை மாற்றினேன். ஒரு வருடம் போய்விட்டது. வாராந்தரக் கூட்டத்தில் காட்ட ஏதாவது வேண்டுமே என்று, நான்கு தட்டுகளில் நன்றாக வளர்ந்த மூன்றைக் குப்பையில் போட்டுவிட்டு, வளராத ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டு போனேன். பேராசிரியர் பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள், வேறு வழி தெரியாமல், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஜீன் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்த்தேன். ஜெல்லில் டி.என்.ஏ. கோடு கோடாகத் தெரியும். ஜீன் போயிருந்தால் மேலே ஒரு கோடு மட்டும். உள்ளே இருந்தால் கீழே ஒரு கோடு. எனக்கு இரண்டும் வந்தன. அந்த ஈஸ்டில் ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு நகல்; ஒன்றை நீக்கியிருக்கிறார்கள், இன்னொன்று உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கட்டுரையைத் திறந்தேன். அதிலிருந்த படத்தில் மேல் கோடு மட்டும்தான் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் பழைய கணினியில் சீனியரின் கோப்புகளைத் தேடினேன். முழுப் படம் கிடைத்தது. கீழ்க்கோடு பளிச்சென்று இருந்தது. பக்கத்திலேயே, கீழ்ப்பாதியை வெட்டிய படம். கோப்பின் பெயரில் 'சார் ஓகே' என்று சேர்த்திருந்தார்கள்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. ஊரெல்லாம் காவடி. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கூட்டத்துக்கு எதிராக நெருக்கித் தள்ளிக்கொண்டு ரயிலேறிப் போனேன். பேராசிரியர் தன் அறையில் வடை தின்றுகொண்டிருந்தார். இரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்தேன். எண்ணெய் விரலைக் கீழ்க்கோட்டின் மேலேயே வைத்தார்.

"இது கலப்படம்மா. எந்த லேப்ல இல்ல? வெட்டினாதான் பார்க்கறவனுக்குக் குழப்பம் வராது."

"சார், ஜீன் உள்ளேயே இருக்குதுங்க. முழுசா நீக்கவே இல்ல."

"இருக்கட்டும். கட்டுரை வந்தாச்சு. உன் வேலையை நீ பாரு." இன்னொரு வடையைப் பிட்டார். "போன மாசம் ஒரு உப்புத் தட்டு காட்டுனியே, எவ்ளோ அழகா வந்துச்சு. அந்த மாதிரி இன்னும் ரெண்டு கொண்டா, போதும்."

அவர்மேல் அதுவரை பொங்கிக்கொண்டிருந்த அருவருப்பு அப்படியே திரும்பி என்மேல் விழுந்தது. நான் குப்பையில் போட்ட மூன்று தட்டுகளுக்கும், சீனியர் வெட்டிய பாதிப் படத்துக்கும் என்ன வித்தியாசம்? அவர் விரலின் எண்ணெய்க் கறை பதிந்த தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீண்ட நேரம் கை கழுவினேன்.

வீட்டில் சொன்னபோது அக்காவுக்கு ஜீன் புரியவில்லை, மற்றதெல்லாம் புரிந்தது.

"அந்தாளு மூஞ்சில காறித் துப்பிட்டு வர வேண்டியதுதான?"

"நானும் அதையேதான்கா பண்ணேன். மூணு தட்டைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"அதையும் சொல்லுவியா?" என்றாள் அக்கா.

சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்தத் தட்டுகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஜீனை நானே முதலிலிருந்து நீக்கிப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். பேராசிரியர் தலையை நிமிர்த்தவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

இரண்டு நகல் உள்ள ஈஸ்டில் ஒரு நகலை மட்டும் நீக்கினேன். அதைப் பட்டினி போட்டால் ஒரு சிறு பைக்குள் விதை போன்ற நான்கு ஸ்போர்களை உண்டாக்கும். இரண்டில் ஜீன் இருக்கும், இரண்டில் இருக்காது. நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கண்ணாடி ஊசியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டில் வைத்தேன். ஒவ்வொரு பையிலும் இரண்டு வளர்ந்தன, இரண்டு செத்தன. வளர்ந்தவற்றில் எல்லாம் ஜீன் இருந்தது. உப்பே வேண்டாம், அந்தக் கைனேஸ் இல்லாமல் ஈஸ்ட் உயிரோடே இருக்காது. அப்படியானால், சீனியர் சொன்னதுபோல் அதை முழுதும் நீக்கிய ஈஸ்ட் ஒன்று உலகத்தில் இருக்கவே முடியாது.

துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். கட்டுரை வெளியான ஆய்வுப் பத்திரிகைக்கும் எழுதினேன். வேறொரு பேராசிரியையிடம் மாறி, தாமதமாகப் பட்டம் வாங்கினேன். பத்திரிகை ஒரு பத்தியில் திருத்தம் போட்டது: 'படத்தைத் தயாரிப்பதில் நேர்ந்த கவனக்குறைவு.' கட்டுரை அப்படியே இருக்கிறது. பழைய பேராசிரியர் இப்போது ஆராய்ச்சி நெறிமுறை பற்றிக் கல்லூரிகளில் உரையாற்றுகிறார். சென்ற மாதம் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கும் வந்தார். வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினார்.

என் கையில் விடைத்தாள் கட்டு இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.