சேவகிகளுக்கு எதற்குச் சங்கம்?

சம்பளம் வாங்கிக்கொண்டு சேவை செய்கிறவளை ஊரும் நம்பாது, வேலைக்கு வைத்தவர்களும் மதிக்கமாட்டார்கள். இந்தத் தொழிலில் அடிபட்ட உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சமஸ்தானக் காலத்தில், புதுக்கோட்டையில் பெரிய வீட்டுப் பெண்கள் நடத்திய மாதர் சங்கத்தில் நான் சேவகி. மெட்ராஸில் பயிற்சி முடித்து வந்தவள். என்னோடு ராஜாமணியக்காவும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள்.

வீடு வீடாக

வாந்திபேதி பரவிய வருஷம் அக்காவையும் என்னையும் அன்னவாசலுக்கு அனுப்பினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், நோயாளியின் துணியைக் குளத்தில் அலசாதீர்கள் என்று சொல்வதுதான் வேலை. பல வீடுகளில் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டு அம்மாள் மட்டும் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "காய்ச்சுறதுக்கு வெறகு யாரு ஆத்தா குடுப்பா? ஒங்க சங்கத்துல அதைக் கேட்டுட்டு வாங்க."

கார்

கேட்டோம். ஆண்டு விழா முடியட்டும் என்றார்கள். அதற்குள் திருவரங்குளத்தில் அக்காவுக்கே நோய் கண்டுவிட்டது. காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவள், உச்சிவேளையில் ஒரு வீட்டுத் தொழுவத்தில் சுருண்டு கிடந்தாள். பஸ்காரர்கள் அவளை ஏற்ற மறுத்தார்கள். அதே பஸ்ஸில் நான் மட்டும் டவுனுக்கு வந்து, சங்கத் தலைவியம்மாள் வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் கார் நின்றது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். கிடைக்கவில்லை. மாட்டு வண்டி பிடித்துத்தான் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தது அவள் ஆயுசு கெட்டி. தலைவியம்மாள் அன்று நிதானமாகச் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது: "அவளை இதுல ஏத்திட்டா, அப்புறம் நாங்க எப்படிப் போறது? நீயே சொல்லு."

தனியாக ஒரு சங்கம்

அக்கா எழுந்து நடமாடுவதற்குள் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சேவைக்குத் திடமான உடம்பு வேண்டுமாம். அந்த உடம்பு எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. குடுமியான்மலையில் அக்கா வீட்டில் நாங்கள் கூடி, சேவகிகளுக்கென்று ஒரு சங்கம் வைத்தோம். அவளைத் திரும்ப எடுக்க வேண்டும், நோயில் விழுந்தால் லீவு தர வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டு விழாவுக்கு வரமாட்டோம் என்று முடிவு செய்தோம். ஊர்களுக்கு மட்டும் எப்போதும்போல் போவோம். நோயாளிகள் எங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? தலைவியம்மாளிடம் போய்ச் சொன்னோம். உங்களுக்கும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்: "சேவை செய்ய வந்தவங்களுக்குச் சங்கம் எதுக்கு? நாங்கதான் சங்கமா இருக்கோமே."

திரும்பி வந்தவள்

விழாவுக்கு தர்பார் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் முன்னால் வரிசையாக நிறுத்தச் சேவகிகள் வேண்டுமே. விழாவுக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்கு ஆள் போனது. வேலை திரும்பக் கிடைத்தது. லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்கு வேலையாவது கிடைத்ததே என்று விழாவுக்குப் போனோம். மேடையில் தலைவியம்மாள் எங்களைத் தம் மகள்கள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அன்னவாசல் தெருவில் அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கொஞ்சம் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். மூச்சு வாங்கியபடியே சொன்னாள்: "ஒக்காந்துக்கிட்டே சேவை செய்யத்தான் அவங்க இருக்காங்களே. நீ நட."

அடுத்த மாதமே என்னை நீக்கிவிட்டு, சேவகிகளுக்கென்று இந்தச் சமஸ்தானத்தில் தனிச் சங்கம் கண்டதே தாம்தான் என்று தலைவியம்மாள் போகிற கூட்டத்திலெல்லாம் பெருமையாகப் பேசினார்.