கேட்டது என்று சொன்னேன்

எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

குற்றம் இவ்வளவுதான். இதற்குப் போய் இத்தனை பீடிகையா என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு வார்த்தைப் பொய்... உலகத்தில் யார்தான் சொல்லவில்லை? நானும் பன்னிரண்டு வருஷமாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதய நோய் பார்க்கும் டாக்டர். முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் பஸ் பிடித்துத் திருச்சிக்கு என்னிடம் வருகிறார்கள். 'சீனிவாசன் டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டால் அப்பீலே கிடையாது' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர் மேல் அல்ல, என் மேல்.

ஐம்பதுகளின் நடுவில் மதராஸில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஜூனியராகச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. பெயரும் வேண்டாம். அதன் தலைவரை நாங்கள் சீஃப் என்போம். மதராஸில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எம்.டி. படிப்புக்கு இடம் வேண்டுமானால் மார்க் மட்டும் போதாது, அவரைப் போன்ற ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அவரோ வருஷத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதுவார். அந்த வருஷம் ஜூனியர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் தொட்டியத்து ராஜமாணிக்கம்.

ராஜமாணிக்கம் வாழை விவசாயி வீட்டுப் பிள்ளை. அவன் சொந்தத்தில் டாக்டருக்குப் படித்த முதல் ஆள். நான் ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். என் தகப்பனார் சேவித்துவிட்டுத் திரும்புகிற வழியெல்லாம், பார்க்கிறவர்களிடம், "பெருமாள் கடாட்சம், பிள்ளையாண்டான் எம்.டி. சேரப் போறான்" என்று சொல்லிவைத்திருந்தார். கடிதம் கிடைக்காவிட்டால்? ஏதோ ஒரு கிராமத்து டிஸ்பென்சரி, இரண்டு நிறத்தில் மிக்சர், அத்தோடு வாழ்க்கை முடிந்தது என்று பயந்தேன். நிஜமாகவே பயந்தேன். பயம் ஒரு சமாதானம் ஆகுமா? ஆகாது. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

காலையில் வார்டைச் சுற்றி வரும்போது, சீஃப் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு எங்களிடம் நீட்டி, "என்ன கேட்கிறது?" என்பார். இதயம் லப், டப் என்று அடிக்கும். வால்வில் கோளாறு இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே ஊதுவது போல ஓர் ஓசை வரும். மர்மர் என்போம். அதைக் கண்டுபிடிப்பவன் கெட்டிக்காரன். ஒன்றும் இல்லை என்பவன் காது போதாதவன். படிக்கும் காலத்திலேயே இது எங்களுக்கு ஊறிப்போய்விட்டது. வரிசையில் முதல் ஆளுக்குக் கேட்டுவிட்டால் கடைசி ஆள் வரை எல்லோருக்கும் கேட்கும். "இருக்கு சார்." "இருக்கு சார்." எத்தனை முறை கேட்காமலே சொல்லியிருக்கிறேன்! ராஜமாணிக்கம் மட்டும் அப்படிச் சொல்லமாட்டான்.

இன்னும் ஒன்று உண்டு. சீஃபுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு நாள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசலைப் பார்த்தேன். மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்துபோனேன். அவர் அதையே வைத்து மூன்று பேரைப் பார்த்தார். பழைய நோயாளி ஒருவரிடம் வந்ததும், "நல்ல மர்மர், கேள்" என்று என்னிடம் கொடுத்தார். வாங்கி வைத்தேன். கிழிசல் வழியாக வார்டு மின்விசிறியின் கடகடப்புதான் கேட்டது. "இருக்கு சார்" என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது... 'என்ன கேட்கிறது' என்று அவர் எங்களைச் சோதிக்கவில்லை. தெரியாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைத்தான் இத்தனை நாளும் எழுதினார்.

அந்த மாதத்தில்தான் தனலட்சுமி வந்தாள்.

ஜீயபுரத்து விவசாயி மருதமுத்துவின் மகள். பதினெட்டு வயது. இன்டர்மீடியட்டில் நல்ல மார்க் வாங்கி, மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்தாகிவிட்டது. உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அந்தக் காய்ச்சல் வால்வைக் கெடுக்கக் கூடியது. அதனால், இதயத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வா என்று அனுப்பியிருந்தார்கள்.

சீஃப் வைத்துக் கேட்டார். கண்ணை மூடினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன கேட்கிறது?"

நான் வைத்தேன். லப், டப். லப், டப். நடுவில் துளி ஓசை இல்லை. நல்ல ஆரோக்கியமான இதயம்.

ஆனால் அவர் புருவம் உயர்ந்திருந்தது. ஏதோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறார் என்று தோன்றியது. அந்த வெள்ளிக்கிழமை கடிதம் எழுதப்போகிறார் என்பதும் தெரியும். பக்கத்தில் ராஜமாணிக்கம் நின்றிருந்தான். யோசித்தேனா? இல்லை. நாக்கு பழகிய இடத்துக்குப் போயிற்று.

"மர்மர் இருக்கு சார். மெல்லிசா."

சீஃபின் முகம் தெளிந்தது. ஸ்டெதஸ்கோப் ராஜமாணிக்கத்திடம் போயிற்று. அவன் வெகுநேரம் கேட்டான். இடம் மாற்றி வைத்துக் கேட்டான். அவளை இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லிக் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் கேட்கலை சார்."

"காதுல என்ன வெச்சிருக்கே? வாழைச் சருகா?" என்றார் சீஃப். நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இதய வால்வு நோய், படிப்புக்குத் தகுதியில்லை என்று சீட்டு எழுதப்பட்டது. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து சீட்டை வாங்கி, இரண்டு தரம் படித்தாள். அழவில்லை.

வராந்தாவில் ராஜமாணிக்கம் என் தோளைத் தொட்டான்.

"நெசமாவே கேட்டுச்சா சீனு?"

"உனக்குக் கேட்கலேன்னா அதுக்கு நான் என்னப்பா பண்றது?"

அவன் தன் காதில்தான் குறை என்று நம்பிவிட்டான்.

இத்தோடு நின்றிருந்தால், பதற்றத்தில் செய்த பிழை என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன். நிற்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வீட்டில் இருந்தேன். "ஜீயபுரத்திலேர்ந்து யாரோ வந்திருக்காடா" என்றாள் என் அம்மா. வாசலில் மருதமுத்து. கையில் ஒரு சீப்புப் பூவன் பழம். பின்னால் தனலட்சுமி.

"மன்னிக்கணும் சாமி, வீடு தேடி வந்துட்டோம். நாலு நாள்ல காலேஜ்ல சேரணும். பெரியவர்கிட்டத் திருப்பிக் கேக்க பயமா இருக்கு. நீங்க இன்னொரு தடவை வெச்சுப் பாத்துச் சொன்னீங்கன்னா... மனசு ஆறிடும்."

கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் முழுசாகக் கேட்டேன். லப், டப். மின்விசிறி கூட இல்லாத வீடு. எந்தச் சத்தமும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் உண்டா? 'தப்பாகச் சொல்லிவிட்டேன் அம்மா' என்று நாலு வார்த்தை. அப்படியானால் காலையில் சீஃபிடம் போய், நேற்றுச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குக் கேட்பதில்லை என்பதும் அம்பலமாகும். கடிதம்? அது ராஜமாணிக்கத்துக்குப் போகும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

"இருக்கும்மா" என்றேன்.

"உங்களுக்கு நல்லாக் கேட்டுதா சார்?"

"நல்லாக் கேட்டுது."

மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவளோ என் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பையே பார்த்தாள்.

"அதை நான் கேட்கலாமா சார்? அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு..."

டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண் அல்லவா! மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. காதில் மாட்டிவிட்டேன். தன் நெஞ்சில் தானே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"லப் டப், லப் டப்னுதான் சார் கேட்குது. நடுவுல ஒண்ணும் இல்லையே."

அவளுக்குச் சரியாகத்தான் கேட்டது. நெஞ்சில் கருவியை வைத்த முதல் தடவையே சரியாகக் கேட்டுவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதுக்குப் பழக்கம் வேணும்மா. எங்களுக்கே வருஷக்கணக்காச்சு."

அவள் கழற்றிக் கொடுத்துவிட்டாள். "எனக்குக் காது போதாது போலிருக்கு" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

கடிதம் எனக்கு வந்தது. மதராஸுக்குப் போனேன். எம்.டி. முடித்தேன். ராஜமாணிக்கம் தொட்டியத்தில் டிஸ்பென்சரி வைத்தான். நான் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தரம் மதராஸுக்கு வந்து என்னைப் பார்த்தான். எதற்கு வந்தாய் என்றேன். காதைச் சோதித்துக்கொள்ள வந்தானாம். "ரெண்டு காதும் கிண்ணுனு இருக்குன்னுட்டாங்கப்பா. அப்புறம் ஏன்தான் எனக்கு அன்னிக்குக் கேட்கலையோ" என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை.

திருச்சிக்குத் திரும்பி வந்து பேர் வாங்கினேன். இப்போது என் கீழும் ஜூனியர்கள் இருக்கிறார்கள். என்ன கேட்கிறது என்று நான் கேட்டால், அவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறார்கள். திட்டுகிறேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

போன மாதம் தனலட்சுமி வந்தாள்.

பெயரைச் சொல்லும் முன்பே அடையாளம் தெரிந்துவிட்டது. முன் தலையில் ஒன்றிரண்டு நரை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறாளாம். தலைமையாசிரியை பதவி வந்திருக்கிறது, அதற்கு உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கைப்பையைத் திறந்து முதலில் எடுத்தது என்ன தெரியுமா? சீஃப் எழுதிய அந்தச் சீட்டு. மடிப்புகளில் காகிதம் ஒட்டி வைத்திருந்தாள்.

"எந்த டாக்டர்கிட்டப் போனாலும் அப்பா முதல்ல இதைத்தான் காட்டுவாங்க சார். இதைப் படிச்சிட்டு வெச்சுப் பாத்தவங்க எல்லாருமே இருக்குன்னுதான் சொன்னாங்க."

எல்லோருக்கும் கேட்டிருக்கிறது!

அவள் குறையாக எதையும் சொல்லவில்லை. நோயாளிகள் விவரம் சொல்வது போலச் சொன்னாள். ஒரு வாளித் தண்ணீர் தூக்க அப்பா விட்டதில்லை. இரண்டு இடம் நிச்சயம் வரை வந்து, 'நெஞ்சுச் சீக்கு' என்று காதில் விழுந்ததும் நின்றுபோயிற்று. பிறகு அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "பிள்ளை பெத்துக்கிட்டா உயிருக்கு ஆபத்துன்னாங்க சார்" என்றாள்.

வைத்துக் கேட்டேன். லப், டப். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கூடத்தில் கேட்ட அதே இதயம்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். நம்புங்கள், திறந்தேன்... வந்தது வேறு.

"போயிடுச்சும்மா. சில பேருக்கு வயசு ஆக ஆக அந்தச் சத்தம் மறைஞ்சிடும். இனிமே பயமே இல்லை."

சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அவள் கண் கலங்கியது. கைகூப்பினாள். என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்! பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, மேஜை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் காட்டினாள்.

"ஒரு தடவை கேட்டுக்கட்டுமா சார்? அன்னிக்கு மாதிரி."

கொடுத்தேன். அவளே மாட்டிக்கொண்டாள். சரியான இடத்தில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்றினாள். குழாயை மடித்து மேஜையில் வைத்தாள்.

"அன்னிக்குக் கேட்ட மாதிரியேதான் சார் கேட்குது."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. கேள்விதான் இருந்தது. ஒரே ஒரு பதில் போதும், அதற்காக எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன் என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

வெளியே இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நான் அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொல்லி மேஜை மணியை அடித்தேன்.