பலவிருத்தி சங்கத்தின் மூன்று குப்பிகள்

இருபத்தேழு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, பாறசாலைக்கு அருகே உள்ள சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகும் ஞானபாயை மருந்து ஊற்றுகிற வேலை விடவில்லை. சனிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் மூன்று ஆண்களுக்கு அவுன்ஸ் கிளாஸில் சிவப்பு வைன் அளந்து கொடுத்தாள்.

அதற்குப் பலவிருத்தி சங்கம் என்று பெயர். தலைவர் கனகதாஸ் வாத்தியார். கிறிஸ்தவ சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கும் அவரேதான் தலைவர். இரண்டு பதவிகளும் முட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டிருந்தார். குடித்தால் பாவம், மருந்து சாப்பிட்டால் பாவமில்லை. ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு நோயோடு வரவேண்டும். வாத்தியாருக்கு இரத்தக் குறைவு. பாலராமபுரத்துச் சேலைகளைத் திருவனந்தபுரத்தில் விற்கும் ஈசாக்குக்கு நெஞ்சுப் படபடப்பு. மூன்றாவது ஆள் தங்கையன், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் சபைக்காரரே அல்ல, அவருக்கு யாரும் எதையும் விலக்கவில்லை. ஆனாலும் சங்கத்தின் மரியாதைக்காக முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்திருந்தார். நர்ஸ் கையால் அளந்து வருவதால் எல்லாம் மருந்தாகிவிட்டது.

தங்கையனின் பழைய கப்பல் சிநேகிதர்கள் வழியாகப் பல தேசத்துக் குப்பிகள் வரும். அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சங்கத்தின் வேலை. ருசி பற்றிப் பேசக் கூடாது, பேசினால் அது குடியாகிவிடும். எந்த ஊர் வைன் அதிகமாக இரத்தம் ஊறவைக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொரு அவுன்ஸுக்கும் பிறகு ஞானபாய் அவர்களின் கீழ் இமையை விரலால் இழுத்து, சிவப்பு எவ்வளவு என்று சொல்லவேண்டும். மூன்று பேருக்கும் உடம்பில் இருந்த இரத்தத்தை வைத்து இன்னும் இரண்டு பேரைப் பிழைக்க வைக்கலாம்.

இந்தக் கூத்துக்கு ஞானபாய் உடன்பட்டதற்குக் காரணம் அவள் வீட்டுக் கட்டிலில் கிடந்தது. தங்கை கிருபாபாய் ஆறு வாரம் டைபாய்டில் படுத்தவள். காய்ச்சல் இறங்கிவிட்டது, பசி மட்டும் திரும்பி வரவில்லை. மூன்று கரண்டி கஞ்சிக்கு மேல் உள்ளே போகாது. ஆட்டு ஈரல் சூப்பை வாசலில் கொண்டுவரும்போதே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். சாப்பாட்டுக்கு முன் ஒரு அவுன்ஸ் சிவப்பு வைன் கொடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். பசி வந்தால் பிழைப்பாள் என்றும் சொன்னார். வராவிட்டால் என்ன என்பதை ஒரு நர்ஸிடம் சொல்லவேண்டியதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை இரண்டிலும் தேடியாயிற்று, எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

ஞானபாய் வாத்தியாரிடம் நேராகவே கேட்டாள்.

"சாரே, மிச்சம் வாறதில எனக்க தங்கச்சிக்கு ஒரு அவுன்ஸ் தரணும். டாக்டர் எழுதின சீட்டு உண்டு."

"அதாக்கும் சங்கடம், நர்ஸம்மா. உள்ளபடி நோயாளிக்கு ஆஸ்பத்திரி உண்டு. நம்ம சங்கத்தில மெம்பர்மாருக்கு மட்டும்தான். பொம்பளைக்கு வைன் குடுத்தோம்னு சபையில தெரிஞ்சா மதுவிலக்குச் சங்கத்துக்க மானம் என்னாவது?"

ஞானபாய் அவுன்ஸ் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அது எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடம். திருவிதாங்கூரின் தெற்குப் பகுதி தமிழகத்தோடு சேரவேண்டும் என்று வாத்தியார் ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தினார். ஈசாக்கின் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் வடக்கே மலையாளப் பக்கம் இருந்ததால் அவர் மனசும் வடக்கே இருந்தது. ஒரு சனிக்கிழமை உதியன்குளங்கரையில் போராட்டக்காரர்கள் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். தங்கையன் அங்கிருந்து நடந்தே வந்து மூன்று குப்பிகளை மேசையில் வைத்தார். ஒன்று கொழும்பிலிருந்து வந்த பிரெஞ்சு வைன். ஒன்று மதுரைத் திராட்சையில் தெரிந்தவர் வீட்டில் போட்டது. மற்றது கொச்சியில் இறங்கிய போர்ச்சுகல் வைன்.

கொழும்புக் குப்பியைப் பற்றி யாருக்கும் கருத்து இல்லை. ஆகவே அது பத்து நிமிஷத்தில் காலியாயிற்று.

மதுரையை நாக்கில் வைத்ததும் ஈசாக்கு முகம் சுளித்தார். "இது புளிச்ச கஞ்சித் தண்ணியாக்கும். இதில ரத்தம் ஊறுமா? இருக்கிய ரத்தமும் ஓடிப்போவும்."

"கொச்சி மட்டும் என்னவாம்? மீன் நாத்தம் அடிக்கி," என்றார் வாத்தியார்.

"ஓய், அது போர்ச்சுகல் சாதனம்! கொச்சியில இறக்கி வச்சதோட சரி," என்றார் தங்கையன்.

"இறங்கின துறைமுகம் யாருக்குள்ளது? அதைப் பறையும்!" என்றார் வாத்தியார்.

"நர்ஸம்மா, எனக்க இமையைப் பாரும். மதுரை குடிச்சப்பளா செவந்துது, கொச்சி குடிச்சப்பளா?" என்று ஈசாக்கு கண்ணை விரித்தார்.

"சண்டையில ரெண்டு பேருக்கும் நெத்தி வரை செவந்திருக்கு. வெடிச்சிராம இரியுங்க," என்றாள் ஞானபாய்.

கொச்சிக் குப்பியைத் தமிழன் தொடமாட்டான் என்று வாத்தியார் தீர்மானம் கொண்டுவந்தார். மதுரைக் குப்பி இந்த அறையில் இருக்கக் கூடாது என்று ஈசாக்கு எதிர்த் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு குப்பிகளையும் கொட்டிவிடுவது என்று முடிவாயிற்று. சங்கத்தின் வரலாற்றில் சண்டைக்காரர்கள் இருவரும் சேர்ந்து கைதூக்கியது அதற்கு மட்டும்தான். தங்கையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஞானபாய் இரண்டு குப்பிகளையும் கையில் எடுத்தாள். "எங்க ஊத்தணும்னு தீர்மானத்தில உண்டா சாரே?"

"எங்க வேணும்னாலும் ஊத்தும். எனக்க கண்ணு முன்னால வேண்டாம்."

வீட்டுக்குப் போனதும் அளந்து ஊற்றினாள். கொச்சியைக் கிருபாபாய் கசப்பு என்று துப்பினாள். மறுநாள் மதுரையைக் குடித்துவிட்டு வயிறு எரிகிறது என்று முனகினாள். மூன்றாம் நாள் ஞானபாய் இரண்டையும் பாதிப் பாதி கலந்து, வெந்நீர் சேர்த்துக் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, திங்கியதுக்கு வல்லதும் உண்டா?"

ஞானபாய் கண்ணீர் விடவில்லை. நேரமில்லை, அடுப்பில் சூப்பைச் சுடவைக்க வேண்டியிருந்தது.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை கிருபாபாய் தானே நடந்து ஆலயத்துக்கு வந்தாள். ஆராதனை முடிந்ததும் வாத்தியாரும் ஈசாக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் பாய்ந்து வந்தார்கள். குப்பிகளோடு ஞானபாய் போன வழியைப் பார்த்திருந்த தங்கையன், அவை எங்கே கொட்டப்பட்டன என்று சொல்லியிருந்தார்.

"மதுரைதானே தூக்கி நிறுத்தினது?"

"கொச்சின்னு பறையும் நர்ஸம்மா!"

"ரெண்டையும் கலந்து குடுத்தேன். அதில பசி வந்துது, அவ்வளவுதான். ரத்தம் ஊறினது ஈரல்லயாக்கும்."

இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. ஈசாக்குதான் முதலில் தேறிக் கேட்டார்: "ஆடு எங்க உள்ளது?"

"வடக்கே காட்டாக்கடைச் சந்தையில வாங்கினது."

"கேட்டியளா! காட்டாக்கடை! நம்ம ஆடு!"

"ஓய், சந்தைக்கு வந்த ஆடு எங்க மேஞ்சுது? தெற்கே மேஞ்சிருந்தா?"

ஆட்டின் பூர்வீகத்தை விசாரிக்க அடுத்த சனிக்கிழமை சங்கத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று அவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கிருபாபாய் அக்காளின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"வா அக்கா, போவோம். எனக்குப் பசிக்கி."