குதிரைகளுக்குக் கீழே நீலச் சட்டை

2009இல் லண்டன் குரோய்டன் விசா அலுவலகத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கோட்டும் ஓட்டச் சப்பாத்தும் போட்டிருந்தார். பேப்பரில் அன்றைய தடைதாண்டும் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, விழப்போகும் குதிரைகளுக்குப் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டார்.

"பெட் கட்டுவீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"சீ, இல்லை. ஆர் விழுவினம் எண்டு முதலே தெரிஞ்சால் ஒரு நிம்மதி."

விசா இல்லையென்றால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயத்தில், "நான் எப்பிடி அண்ணை, விழுவனோ?" என்றேன்.

அவர் என் கால்களை உற்றுப் பார்த்தார். "தடைக்கு முன்னாலை நிண்டு யோசிக்கிற ஆள் நீர். யோசியாமல் பாயும்."

என்னைக் கூப்பிட்ட அதிகாரியின் யன்னலில் கேட்டதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னேன். விசா கிடைத்தது. திரும்பி வந்தால் அவரைக் காணவில்லை. கதிரையில் பேப்பர் கிடந்தது. குதிரைகளின் பெயர்களுக்குக் கீழே "நீலச் சட்டைத் தம்பி" என்று என்னையும் எழுதி, புள்ளடி போட்டு, பிறகு புள்ளடியை மட்டும் அழித்திருந்தார்; தடம் தெரிந்தது.

முதலில் ஏன் போட்டார் என்பதுதான் இன்றும் எனக்குக் கவலை.