உடன் வசிக்காத அப்பா

ஜெனிட்டாவுக்கு அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞர் வேலை கிடைத்த செய்தி கேட்டு, பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு ஓடி வந்தாள் பக்கத்து வீட்டு சரோஜம்மா.

"இன்னா கண்ணு, கவர்மெண்டு எவ்ளோ தருவான்?"

"ஆரம்பமே அறுபதாயிரத்துக்கு மேலக்கா. டிஏ, வீட்டு வாடகை எல்லாம் தனி."

"யம்மாடி! இனிமே என்னிய பாத்தா யாருன்னு கேப்பியா?"

ஜெனிட்டா சிரித்தாள். முப்பத்து நான்கு வயதில் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! கோலார் தங்க வயல் நீதிமன்றத்தில் சீனியரின் கோப்புகளைச் சுமந்தே அவளுடைய இளமை கரைந்திருந்தது. அவர் சனிக்கிழமை கொடுப்பது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும்.

ஆனால் அவள் ராத்திரி பகலாகப் படித்தது சம்பளத்துக்காக இல்லை. அப்பா நேசமணியின் நெஞ்சுக்காக. சுரங்கம் மூடும்வரை பாறையைத் துளைத்தவர் அவர். கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. குளிர்காலம் வந்தால் மூச்சுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டும். அரசு ஊழியரை நம்பி வாழும் பெற்றோருக்கு மருத்துவச் செலவு உண்டு என்று விதி சொன்னது. பெற்றோர் ஊழியருடனேயே வசிக்க வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. பங்காருபேட்டையிலோ கோலாரிலோ போடுவார்கள், தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவள் மனக்கோட்டை கட்டியிருந்தாள்.

மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் யாத்கிரியில் போட்டார்கள்.

"யாத்கிரியா?" என்றார் நேசமணி. "நம்ம ஷாஃப்ட்ல கடைசி லெவல் வரைக்கும் இறங்கினாகூட அவ்ளோ தூரம் வராதே!"

"நீங்களும் வந்துடுங்க டாடி."

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிய இரண்டு அறை. அந்த லைன் வீடுகளில் இருந்த எல்லோரையும் போல அவரும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டுப் பல வருடங்களாகக் காத்திருந்தார். பூட்டிக் கிடக்கும் வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அங்கே எல்லோருக்கும் உண்டு. கல்யாணமோ சாவோ, வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஜெனிட்டாவின் அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்றுகூட, சரோஜம்மாதான் இந்த வீட்டில் அடுப்பை மூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருநாள் ரெண்டுநாள்னா நான் படுத்துக்குவேன் கண்ணு," என்றாள் அவள். "வருஷம் பூரா எப்படி முடியும்? யாராச்சும் ஆபீசர் வந்து கேட்டா இன்னா சொல்றது?"

பெங்களூரில் மனைவி நிக்கோலோடு இருக்கும் தம்பி ஷெர்வினுக்குப் போன் செய்தாள் ஜெனிட்டா.

"நீ குடும்பத்தோட இங்க வந்துடேன்டா, டாடிய நான் கூட்டிட்டுப் போறேன். எத்தினி பேரு இங்கிருந்து ட்ரெயின்ல வேலைக்குப் போறாங்க."

"நிக்கோல் ஒத்துக்க மாட்டா. பசங்க ஸ்கூல் இங்கதான். எனக்கு ஃபேமிலி இருக்குக்கா. உனக்கு இன்னா, ஒத்த ஆளு."

"அப்போ நான் உனக்கு ஃபேமிலி இல்லியாடா?"

"பசங்க கூப்பிடறாங்கக்கா," என்று அவன் போனை வைத்துவிட்டான்.

வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஜெனிட்டா அழுதாள். நேசமணி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்தார். "நீ போறேன்னு சொல்லு, முழுங்கறேன். உன் கவர்மெண்ட் வைத்திய கார்டுல என் பேர் ஏறட்டும், பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்கே போறேன். போ."

போனாள். கூடவே வசிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

யாத்கிரியில் வெயில் நெருப்பாகக் கொட்டியது. சேர்ந்த சில நாட்களில், அலுவலகத்தின் வயதான கண்காணிப்பாளர் அவளுடைய குடும்ப விவரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா உங்ககூடத்தானே இருக்கார் மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"இல்லை சார். ஊரில் இருக்கிறார்."

அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கூட இருக்கார்னே போட்டுடறேன். இல்லேன்னா அவருக்கு ஒண்ணும் கிடைக்காது. இங்க வந்து யார் பார்க்கப்போறாங்க?"

நல்ல மனிதர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாவுக்கு மூச்சு கிடைக்கும். ஜெனிட்டா வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுக்குள் இருந்த வழக்கறிஞர் விழித்துக்கொண்டாள். அப்பா யாத்கிரியில் வசிக்கிறார் என்று அரசாங்கக் கணினியில் ஏறினால், தங்க வயல் வீட்டில் அவர் வசிக்கவில்லை என்றாகிவிடும். நாளைக்கு அந்த வீட்டை மறுக்க நினைப்பவர்களுக்கு அந்த ஒரு பதிவே போதும். அதற்குச் சாட்சி, சொந்த மகள்! மூச்சைக் கேட்டால் வீடு போகும். வீட்டைக் காத்தால் மூச்சு போகும்.

"என்ன மேடம், போடட்டுமா?"

"வேண்டாம் சார்," என்றாள். "கூட இல்லைன்னே போடுங்க."

சாயங்காலம் அப்பாவே போன் செய்தார்.

"இன்னா லாயரம்மா, கார்டுல என் பேர் ஏறிச்சா?"

சம்பளத்தில் வெட்டிச் சேர்த்து அனுப்பிவிடலாம், எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று மனசு எதையெதையோ கணக்குப் போட்டது. உண்மையைச் சொன்னால், மகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அவர் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிடுவார்.

"ஏறிடுச்சு டாடி."

"சரோஜா! ஏறிடுச்சாம்!" என்று அவர் பக்கத்து வீட்டுக்குக் கத்தினார். "இனிமே கவர்மெண்ட் வைத்தியம்தான் எனுக்கு!"

கத்திய வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்காமல் இருமினார். ஜெனிட்டா போனைக் காதிலிருந்து எடுக்காமல், அந்த இருமல் அடங்கும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றாள்.