ஆடி மாசத்தில் தொங்கிய ஸ்டார்

தூத்துக்குடிக்கு வருகிற கப்பல்கள் எல்லாம் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துத்தான் திரும்புகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது தப்பு. முத்தையாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு விஜிலாக்காவின் மாடியில் ஒரு காடைக் கொட்டகை இருக்கிறது. பனாமா கப்பலோ சீனக் கப்பலோ, அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் துறைமுகத்துக்குள் வரும். காடைக்குக் கோபம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

அக்காவின் வீட்டுக்காரர் சிலுவை அண்ணன் மாலத்தீவுக்குத் தோணியில் வெங்காயம் ஏற்றிப் போகிறவர். அவர் கடலில் கிடக்கும்போதெல்லாம் வீடு ஓடுவது காடையால். போன ஆடியில் அந்தக் காடைகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. முதலில் வால் இறகு, அப்புறம் முதுகு. ஒரு பொட்டைக் காடை முதுகெல்லாம் உரிந்து மூலையில் ஒண்டிக் கிடந்தது. கொஞ்சம் ரத்தம் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் அங்கேயே வந்து கொத்தும். நான் பெயிலான அன்றைக்கு எங்கள் சொந்தக்காரர்கள் வந்த மாதிரி.

குஞ்சு கொடுத்து, வளர்ந்ததும் வாங்கிப்போகிற தங்கதுரை அண்ணாச்சி வந்து பார்த்தார். பிளேடைச் சூடாக்கி எல்லாவற்றுக்கும் மூக்கு நுனியை வெட்டச் சொன்னார். இல்லையென்றால், மாதா கோயில் திருவிழா முடிந்து வரும்போது ஒன்றைக்கூட எடுக்கமாட்டாராம். தோல் கிழிந்ததை எந்த ஹோட்டல்காரன் வாங்குவான்?

"மூக்க வெட்டுனா கொத்து நிக்கும் அண்ணாச்சி. கோவம் எங்கன போவும்?" என்றாள் அக்கா.

வெட்டமாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். சிலுவை அண்ணனும் போனில் வெட்டு என்றார். நீங்கள் கரைக்கு வாருங்கள், முதலில் உங்கள் மூக்கை வெட்டுகிறேன் என்று பதில் போனது.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. நல்ல வெளிச்சம் வரட்டும் என்று கூரையில் ஆசையாய்ப் போட்ட பிளாஸ்டிக் தகடுதான் காடைகளைக் கிறுக்காக்கியிருந்தது. நெருக்கடி வேறு. தகட்டின் மேல் சாக்கை விரித்தாள். பாதிக் காடைகளை இறக்கித் தன் படுக்கையறையில் விட்டுவிட்டு, அவள் ஹாலில் பாய் போட்டாள். கொத்துவதற்கு முருங்கைக்கீரையைக் கட்டுக்கட்டாய்த் தொங்கவிட்டாள். சண்டை குறைந்தது, நிற்கவில்லை. ரத்தம் தெரிகிற இடத்தை இன்னும் தேடித் தேடிக் கொத்தின.

அப்போதுதான் பரணிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டார்களை எடுத்தாள். சிவப்புக் காகிதம், உள்ளே சின்ன பல்பு. மாடிக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே சிவப்பு. ரத்தம் எது, இறகு எது என்று காடைக்கு எப்படித் தெரியும்?

தெருவே சிரித்தது. மாதா கோயிலில் இன்னும் கொடியே ஏறவில்லை, அதற்குள் உன் வீட்டில் பாலன் ஏசு பிறந்துவிட்டாரா என்று குழாயடியில் கேட்டார்கள். பிறந்தாச்சு, காணிக்கையோடு வாருங்கள் என்றாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கொட்டகைக்குள் போனை ஒளித்துவைத்துக் கிறிஸ்துமஸ் பாட்டை அலறவிட்டேன். அக்கா போனைக் கண்டுபிடித்து, சத்தத்தைக் குறைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.

"ஓடட்டும்லே. அதுக சண்ட போடாம கேக்குது."

முதுகு உரிந்த பொட்டையை மட்டும் தனிப் பெட்டியில் வைத்து, புண்ணுக்கு ஊதா மருந்து தடவினாள். இது தேறாது, குழம்பில் போடுங்கள் என்று நான் தினமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

திருவிழா முடிந்து அண்ணாச்சி வந்தார். ஒவ்வொன்றாய்த் தூக்கி, இறகை ஊதி ஊதிப் பார்த்தார். மூக்கும் முழுசு, தோலும் முழுசு. கூண்டில் ஏற்றச் சொன்னார். ஆனால் தோற்றுப் போக மனசில்லை. அடுத்த குஞ்சுகளுக்காவது வெட்டுவியா என்று கேட்டார்.

"மாட்டேன். அடுத்த வாட்டி ஸ்டாரோட கிறிஸ்மஸ் குடிலும் சேத்துக் கட்டுவேன்."

பெட்டிக்குள் இருந்த பொட்டையைப் பார்த்தார். முதுகில் முள் முள்ளாய் இறகு முளைத்திருந்தது. இதை எடுக்க முடியாது என்றார். யார் விற்கிறதாகச் சொன்னது என்றாள் அக்கா. இவ்வளவு மருந்தை யார் அப்பினது என்று அவர் கேட்க, தான் காலையில் ஒரு தடவைதான் தடவுவேன் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். எனக்கு வேற வேலை இல்லையா, நான் நீங்கள் தருகிற அவித்த காடைமுட்டைக்காக வருகிறவன் என்றேன்.

"ஏலே ரெக்சன், டவுசர் பையிலேருந்து கைய எடு."

எடுத்தேன். பத்து விரலும் ஊதா.

அக்கா சிரிக்கக்கூட இல்லை. "நாளைக்கு வரும்போது கொஞ்சமாத் தடவு. அது காடைலே, கத்தரிக்கா இல்ல."