ஏழாம் மாடியில் வெளுத்த சுங்குடி

சுகுமார் தரையில் கால் வைத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவனைப் பெரும்பாக்கம் குடிசை மாற்றுக் குடியிருப்பின் ஏழாம் மாடிக்குத் தூக்கிப் போய்க் கிடத்தினார்கள், அதோடு சரி. லிஃப்ட் ஒரு வாரம் ஓடும், ஒரு மாதம் நிற்கும்.

அதனால்தான் ஹில்டா டீச்சர் அதைச் சொன்னபோது, அவன் மனைவி, துணி தைத்துக் கொடுக்கும் புஷ்பத்துக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை.

"பின்னாடி ரூம் சும்மாதானே கிடக்கு. இந்த வேலை நல்லா அமைஞ்சா, உன் வீட்டுக்காரரோட அங்கயே வந்துடு. தைக்க ஆள் பக்கத்துலயே இருந்த மாதிரி ஆச்சு."

டீச்சர் வீடு கோவிலம்பாக்கத்தில், மாடியில்லாத தனி வீடு. ஓய்வு பெற்றபின் கூடத்தைப் பழங்கால வீடுபோல மாற்றிக்கொண்டிருந்தார். பாலிஷ் போடாத மர பெஞ்சு, மூலையில் அரிக்கேன் விளக்கு, சுவரில் ஆணியடித்து மாட்டிய முறம். புஷ்பம் எல்லாவற்றையும் பார்த்தாள். தன் முறத்தை அவள் யார் கண்ணிலும் படாமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள்.

டிரங்குப் பெட்டியிலிருந்து டீச்சர் இரண்டு சுங்குடிச் சேலைகளை எடுத்தார். இறந்துபோன அம்மாவுடையவை. அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாக மங்கி, மடிப்புகள் பழுப்பேறி, ஓரிடத்தில் கஷாயக் கறையும் இருந்தது.

"பெஞ்சுக்கு ஆறு திண்டு உறை, ஜன்னலுக்கு ஒரு திரை. ஞாயித்துக்கிழமை இங்க ஜெபக்கூட்டம்."

கொடுக்கும் முன் சேலையை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனார். அதைப் புஷ்பம் கவனித்துவிட்டாள். முன்பு ஒருமுறை மேடவாக்கத்தில் ஒரு வீட்டம்மா, தைத்துக் கொடுத்த ரவிக்கையை அப்படித்தான் முகர்ந்து, "உங்க ஏரியா நாத்தம் அடிக்குது" என்று திருப்பி எறிந்தாள். அன்று முதல் எந்தத் துணியையும் துவைக்காமல் புஷ்பம் யாருக்கும் கொடுத்ததில்லை.

மேலே தண்ணீர் ஏறவில்லை. கீழிருந்து நாலு குடம் சுமந்தாள்.

"இன்னாக்கா, மாமாவக் குளிப்பாட்டி மாப்ள ஆக்கப் போறியா?" என்றான் அதே குடியிருப்பில் ஆட்டோ ஓட்டும் ரத்தினம்.

வெந்நீரில் சோடா உப்பு, ஒரு பிடி பிளீச்சிங் பவுடர். ராத்திரி முழுக்க ஊறவைத்து, அலசி, கஞ்சியில் முக்கி உலர்த்தினாள். சாயமும் பாதி வெளுத்தது. கறை அடியோடு போனதே பெரிது என்று நினைத்துக்கொண்டாள். பிறகுதான் வெட்டித் தைத்தாள்.

சனிக்கிழமை டீச்சர் ஒரு உறையை எடுத்து முகர்ந்தார். அடுத்ததை எடுத்தார். ஆறையும் முகர்ந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"துவைச்சியா?"

"ஆமா டீச்சர். அழுக்கா இருந்துச்சு. சபை ஆளுங்க உக்கார்ற எடம்..."

"படுத்த படுக்கையா இருந்தப்ப அம்மா இத ரெண்டையும்தான் மாத்தி மாத்திக் கட்டினாங்க. அப்புறம் நான் தண்ணியே காட்டல. அவங்க வாசனை இதுல மட்டும்தான் இருந்துச்சு." டீச்சரின் குரல் உயரவில்லை. "சொல்லாம விட்டது என் தப்புதான்."

கூலியைக் கொடுத்தார். உறைகளையும் திரையையும் அவள் கொண்டுவந்த பையிலேயே திணித்து நீட்டினார். வாசல்வரை போன புஷ்பம் திரும்பினாள். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டறியாதவள் கேட்டாள்.

"டீச்சர், அந்த ரூமு..."

"வேணாம்மா. உன்னப் பாக்கறப்பல்லாம் இதுதான் ஞாபகம் வரும்."

ஏழு மாடி ஏறி வந்தாள். நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டித் தயாராக நின்றது. கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான் ரத்தினம்.

"நாளிக்கு நாலு பேரு ரெடிக்கா. மாமாவ ராஜா மாரி எறக்கி டீச்சர் வூட்டுல உட்டுடுவோம்."

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

சுகுமார் முகம் மழித்து, தலை வாரியிருந்தான். "டீச்சருக்குப் புடிச்சிதா?"

"ம்."

"பாரு, என் செருப்பத் தொடச்சி வெச்சிகீறேன். நடக்க முடியலன்னாலும் போட்டுகினு மண்ணுல குந்தியிருப்பேன்ல."

அவன் மடியிலிருந்த செருப்பைப் புஷ்பம் வாங்கிக்கொண்டாள். குனிந்து கட்டிலுக்கடியில், முறத்துக்குப் பின்னால் கை எட்டியமட்டும் உள்ளே தள்ளினாள்.

"அங்க ஏம்மே வெக்கிற?" என்றான் சுகுமார்.